வடைத் துணுக்கும் நடுங்கும் ஸ்டியரிங்கும்

மதுரை சிம்மக்கல் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததுமே பக்கத்து வீட்டுத் தம்பி ஆரம்பித்தான். "அண்ணே, கொடைக்கானல் போய்ட்டு வந்ததுலேர்ந்து பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. டிஸ்க் வளைஞ்சுபோச்சு, மாத்தணும்ங்கிறாங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடிதாண்ணே மாத்துனேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு டிஸ்க் ஏன் திரும்பக் கெட வேண்டும்?

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கைத் தொடாமலே 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸையும் டயரையும் பார்க்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன்சக்கர டிஸ்க்மேல் சந்தேகம். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் இடுப்பும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்பக்க டிரம். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் படபடவென்று காலை உதைத்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, பயப்பட ஒன்றுமில்லை.

தம்பியின் வண்டியில் பிரேக் மிதித்தால் மட்டும்தான் ஆட்டம். அதுவும் மேலூர் ரோட்டில் 80-ல் போகும்போது அதிகம், ஊருக்குள் 30-ல் ஒன்றும் தெரிவதில்லை.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. காலிப்பர் இரண்டு பேடுகளால் அதை இருபுறமும் கவ்வுகிறது. தட்டின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் பிடியும் ஒரே மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் 0.02 மில்லிமீட்டர் கனம் கூடினாலே போதும், அந்த இடம் வரும்போதெல்லாம் பிடி இறுகும், தாண்டியதும் தளரும். 0.02 என்பது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் விநாடிக்கு 11 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அப்படியானால் 11 இழுப்பு. முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் கம்பிகளும் தாமாகவே அதிரக்கூடிய வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயரும், அந்தக் கதை. 30-ல் அந்தத் தாளம் பொருந்துவதில்லை, அதனால் கை உணர்வதில்லை.

"அப்போ வளைஞ்சது உண்மைதானேண்ணே?"

வளைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வளைந்த டிஸ்க்கைவிடக் கோணலாக உட்கார்ந்த டிஸ்க்தான் அதிகம். இதை வாயால் சொன்னால் புரியாது என்று காலி டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் வடைத் தட்டை வைத்துச் சுற்றிக் காட்டினேன். நேராகச் சுற்றியது. பிறகு டம்ளருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சின்ன வடைத் துணுக்கைச் செருகினேன். தட்டின் விளிம்பு ஏறி இறங்கியது. டம்ளர்தான் டிஸ்க் உட்காரும் ஹப், தட்டு டிஸ்க், வடைத் துணுக்கு என்பது ஹப் முகத்தில் படிந்த துருப்பொருக்கு.

இப்படிக் கோணலாக உட்கார்ந்த டிஸ்க் முதல் நாளே ஆடாது, அதுதான் ஏமாற்று. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேடு பேடை லேசாக உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசி உரசி அந்த இடம் தேயும், கனம் மாறும். அப்போதுதான் ஆட்டம் தொடங்கும். அதற்குள் டிஸ்க் மாட்டியவரும் மறந்திருப்பார், நாமும் மறந்திருப்போம். வீல் நட்டை ஏர் கன்னால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் இறுக்கினாலும் இதே கோணல்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றினோம். திலகர் திடல் சந்தையில் பல வருஷத்துக்கு முன் வாங்கிய டயல் கேஜ் ஒன்று என்னிடம் உண்டு. நட்டுகளை மாட்டி டிஸ்க்கை இறுக்கிவிட்டு, விளிம்புக்குச் சற்று உள்ளே முள்ளை வைத்துக் கையால் சுற்றினால் 0.14 மில்லிமீட்டர் ஆட்டம் காட்டியது. பல கார்களுக்கு 0.05 முதல் 0.10-க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் ஹப் முகத்தில் துரு அப்படியே இருந்தது. புது டிஸ்க்கைப் பழைய துருமேல் மாட்டியிருக்கிறார்கள். வயர் பிரஷாலும் எமரி பேப்பராலும் பளிச்சென்று தேய்த்துத் துடைத்து மாட்டியதும் 0.04-க்கு இறங்கியது. அரை மணி நேர வேலை.

ஆனால் ஏற்கெனவே ஏற்பட்ட கனமாற்றம் துடைப்பதால் போகாது. டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் அளந்து, லேத்தில் முகம் சீவ வேண்டும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனத்தைப் பொறித்திருப்பார்கள். சீவிய பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் புதுசுதான் வாங்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பழைய டிஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம். 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தை 1962-லேயே தொடங்கிவிட்டது. புது பாகம் நம் ஊரிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது உயிரோடு விளையாடுவானேன்? காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிட வேண்டும். புஷ் தேய்ந்தால் சின்ன நடுக்கமும் பெரிதாகிக் கைக்கு வரும்.

நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொன்னேன். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

"கொடைக்கானல்ல நான் என்ன தப்பு பண்ணுனேண்ணே?"

நான்கு பேரோடு 1,100 கிலோ இருக்கும் வண்டி சுமார் 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் சூடானால் அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் அதில் பெரும்பகுதியை பிரேக்தான் விழுங்க வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் பாதிச் சுமையை வாங்கிக்கொள்ளும். அடிவாரத்தில் காட்ரோட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடு தம்பி. சக்கரம் சூடு ஆறும்வரை யாரையும் அதில் தண்ணீர் ஊற்ற விடாதே.