நீரிழிவின் வாயிலில் நிற்போர்

நீரிழிவு என்னும் பெயரைக் கேளாதார் இன்று நம் நாட்டில் இலர். ஆயினும், அந்நோய் வந்தெய்துமுன், இரத்தத்திலுள்ள சர்க்கரை இயல்பான அளவைக் கடந்தும் நோயின் அளவை எட்டாமலும் நிற்கும் இடைநிலை ஒன்றுண்டு என்பதை அறிந்தார் சிலரே. அதனை நீரிழிவின் முன்னிலை என்று கூறலாம். இலக்கணம் பயிலும் நமக்கு முன்னிலை என்றதும் ‘நீ, நீர்’ என்பன நினைவுக்கு வரும். இங்கும் அச்சொல் எதிரே இருப்பவரையே சுட்டுகின்றதோ என்னும் ஐயம், பின்வரும் கணக்கைக் காண்போர்க்கு எழாமற் போகாது.

இவ்விடைநிலையை அளப்பது எங்ஙனம்? இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையிற் சோதிக்கும்பொழுது, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 110 மில்லி கிராமுக்குக் குறைந்திருப்பின் நலம், 126 அல்லது அதற்கு மேலாயின் நீரிழிவு, இடைப்பட்டது முன்னிலை. இரண்டாவது சோதனை இதனினும் நுண்ணியது. 75 கிராம் குளுக்கோஸை நீரிற் கரைத்துப் பருகி, இரண்டு மணி நேரங்கழித்து அளப்பர். அப்பொழுது 140-க்குக் குறைவு நலம், 200-உம் அதற்கு மேலும் நீரிழிவு, இடைப்பட்டது முன்னிலை. இவை உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த எல்லைகள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தாரோ 2003-ஆம் ஆண்டில் காலைச் சோதனையின் கீழெல்லையை 100 ஆகக் குறைத்துவிட்டனர். எல்லைக்கல்லை நகர்த்தினால் வயலின் பரப்பு மாறுவதுபோல, இவ்வொரு மாற்றத்தால் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்துவிடும். அமெரிக்காவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 38 பேர் முன்னிலையில் உள்ளனர் என்னும் 2021-ஆம் ஆண்டின் மதிப்பீட்டைக் கண்டு, ‘நம் நாடு எவ்வளவோ மேல்’ என்று மகிழ்வார்க்கு இதனை நினைவூட்டல் வேண்டும். அளவுகோல் வேறாயின் ஒப்பீடு பொருந்தாது.

நம் நாட்டின் கணக்கு யாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி, 2008 முதல் 2020 வரை, 31 மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 20 வயது நிரம்பிய 1,13,043 பேரைச் சோதித்தனர். டாக்டர் ஆர். எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் முதலியோர் நடத்திய இவ்வாராய்ச்சியின் முழு முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவுடையோர் நூற்றுக்கு 11.4, முன்னிலையிலுள்ளோர் நூற்றுக்கு 15.3. தலைக்கணக்காகக் கூறின், முன்னவர் 10 கோடியே 10 இலட்சம்; பின்னவர் 13 கோடியே 60 இலட்சம். வீட்டினுள் புகுந்தவரினும் வாயிலில் நிற்பவரே மிகுதி.

இக்கணக்கில் என் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. நீரிழிவு நகரத்தில் நூற்றுக்கு 16.4, நாட்டுப்புறத்தில் 8.9; ஏறக்குறையப் பாதி. இதனைக் கொண்டு, ‘இது பட்டணத்தார் நோய்’ என்று எம்மூராகிய பனமரத்துப்பட்டியில் முதியோர் கூறுவது மெய்யே எனலாம். ஆனால் முன்னிலையோ, நகரத்தில் 15.4, நாட்டுப்புறத்தில் 15.2! வேற்றுமை இல்லையென்றே சொல்லலாம். இன்றைய நோயாளிகளை எண்ணினால் சிற்றூர் நலமுடையதாகத் தோன்றுகின்றது; நாளைய நோயாளராகக் கூடியவரை எண்ணினால் சேலம் நகரும் சிற்றூரும் ஒன்றாகின்றன.

இஃது ஏன் என்று வினவுவார்க்குச் சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்க்கையே ஓரளவு விடை கூறும். கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் உண்டு, கவலை இறைத்து, கால்நடையாகச் சந்தைக்குச் சென்றவர் நம் முன்னோர். இன்று மின்விசைப் பொறி நீர் இறைக்கின்றது. மோட்டார் வண்டி சந்தைக்குச் சுமக்கின்றது. மூன்று வேளையும் தீட்டிய அரிசி. இங்கு விளையும் மரவள்ளியினின்று ஆக்கப்படும் சவ்வரிசியும் ஏறக்குறைய முழுதும் மாவுப்பொருளே. உழைப்பு குறைந்த தசைகள் சர்க்கரையை ஏற்க மறுக்கின்றன. கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து சலிக்கின்றது. மெலிந்த உடலினரும் இதற்கு விலக்கல்லர். நம்மவர்க்குக் கைகால் மெலிந்திருக்கவே வயிற்றிற் கொழுப்புச் சேர்தல் இயல்பு. (வெல்லம் சர்க்கரை அன்று என்று வாதிடுவோர் எம்மூரில் மிகப் பலர். இரத்தம் அவ்வாதத்தை ஏற்பதில்லை.)

மாநிலந்தோறும் நிலை வேறுபடுகின்றது. உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவு நூற்றுக்கு 4.8 மட்டுமே; முன்னிலை 18. ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய நால்வர் வாயிலிற் காத்திருக்கின்றனர். தமிழ்நாட்டிலோ, 2011-இல் வெளியான முதற்கட்டக் கணக்கிலேயே நீரிழிவு 10.4, முன்னிலை 8.3. வாயிலிற் கூட்டம் குறைந்திருத்தல் கண்டு களிப்பதற்கில்லை. நின்றவருட் பலர் முன்பே உள்ளே சென்றுவிட்டனர் என்றே கொள்ள வேண்டும். சென்னையில் முன்னிலையிலிருந்தோரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கண்டபொழுது, நூற்றுக்கு 59 பேர் அளவில் நீரிழிவினராயினர்.

ஏரிக்கரை காப்போர் உடைப்பெடுக்கும்வரை காத்திரார். கரையின் புறத்தே மண் ஈரிப்பதைக் கண்டதும் மண்வெட்டியுடன் ஓடுவர். அங்ஙனம் இந்நோயையும் தடுத்தல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே கிடைத்தது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் முன்னிலையிலிருந்த 531 பேரை நான்கு பகுதியாக்கி மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவினராயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்தோருள் 39.3. மெட்பார்மின் என்னும் மருந்து உண்டோருள் 40.5. இரண்டையும் மேற்கொண்டோருள் 39.5. நடைக்கு நிகராக மருந்து நின்றதேயன்றி, நடையோடு சேர்ந்து மிகுபயன் தரவில்லை. நடந்தோரின் உடல் எடை பெரிதும் குறையாதிருந்தும் இப்பயன் விளைந்தது என்பது குறிக்கத்தக்கது.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. முன்னிலையிலிருப்பவர்க்குப் பெரும்பாலும் தாகமில்லை, சோர்வில்லை, வலியில்லை. விரல் நுனியிற் குத்தி ஒருமுறை பார்க்கும் சோதனை முற்றிய நோயைக் காட்டலாம்; இடைநிலையை அது தவறவிடக்கூடும். நுண்ணிய சோதனைக்கோ வெறும் வயிற்றோடு சென்று, இனிப்பு நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் 20 வயது நிரம்பாதவர். ஆகலின் மேற்கூறிய கணக்கினுள் இன்னும் வாராதவர். நம் தாய் தந்தையர் அதனுள் இருப்பவர். தமக்கு நோய் ஏதும் இல்லையென்று உறுதியாக நம்பும் உழவர் ஒருவர், காலைக் கூலியை விட்டு அவ்விரண்டு மணி நேரம் மருத்துவச்சாலைத் திண்ணையில் அமர்ந்திருக்க இசைவாரோ?