மலைநாட்டிற்கேற்ற ஸ்போட்ஸ் கார்

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அம்மலைவீதிகளில் பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றைப் பேணி ஓட்ட விழையும் அன்பர், அமெரிக்க வண்டியை நாடுவதா, யப்பானிய வண்டியை நாடுவதா?

1953இல் தோன்றிய கோர்வெற்றின் மேற்கூடு கண்ணாடியிழையாலானது. மூடுபனியாலும் மழையாலும் துருப்பிடியாது. எனினும் அடிச்சட்டம் உருக்கே. சுக்கானும் இடப்புறத்தது. இடப்பக்கமாகச் செல்லும் நம் வீதியில், முன்னே ஊரும் கொழுந்து லொறியைக் கடக்க முனையும் சாரதிக்கு எதிர்வரும் பஸ் எளிதிற் புலப்படாது.

1969இல் வெளிவந்த டட்சன் 240 இசெட் வலப்புறச் சுக்கானுடனும் செய்யப்பட்டது. யப்பானும் இடப்பக்கமாகச் செல்லும் நாடன்றோ! ஆனால் அதன் உருக்குக் கூட்டை ஈரம் உள்ளிருந்தே அரிக்கும்.

ஆதலின் காட்சிக்கு வைப்போர் கோர்வெற்றையும், வளைவுகளில் ஓட்டுவோர் டட்சனையும் கொள்க. எதனை வாங்கினும் முதலில் வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். புதிய வர்ணம் பழைய துருவை மறைத்தல் கூடும்.