சொற்செயலி ஆவணப் பண்புகளை மேக்ரோ வழியாகப் படித்தலும் மாற்றுதலும்: தமிழ் ஆய்வுக் கட்டுரைக் கோப்புகளை முன்வைத்து

முன்னுரை

ஆய்விதழ் ஒன்றிற்கு வந்து சேரும் கட்டுரைக் கோப்பில், திரையில் தெரியும் உரையோடு மறைவான குறிப்பேடு ஒன்றும் உடன்வருகிறது. தலைப்பு, ஆசிரியர், திறவுச்சொற்கள், இறுதியாகத் திருத்தியவர், உருவாக்கிய நாள், திருத்தத்திற்குச் செலவான நிமிடங்கள் ஆகியன அதில் பதிவாகின்றன. இவை ஆவணப் பண்புகள் எனப்படும். முதற்பக்கத்தில் கட்டுரையாளர் பெயரை நீக்கிவிட்டு இக்குறிப்பேட்டை அப்படியே விட்டு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினால், பெயர் மறைத்த மதிப்பீடு என்பது பெயரளவினதாகவே நின்றுவிடும். ஓரிரு கோப்புகளைக் கையால் சரிபார்க்கலாம். கோப்புறை முழுவதையும் சரிபார்க்க மேக்ரோ எனப்படும் குறுநிரலே ஏற்றது.

பண்புகள் இருக்குமிடம்

2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் மைக்ரோசாப்ட் வேர்டு பயன்படுத்தும் டாக்எக்ஸ் கோப்பு, உண்மையில் ஒரு சிப் பொதி. அதனுள் டாக்பிராப்ஸ் என்னும் உறையில் கோர், ஆப், கஸ்டம் என மூன்று எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கலாம். தலைப்பு, ஆசிரியர் போன்றவை முதலாவதில் அமையும். நூலகவியலார் நன்கறிந்த டப்ளின் கோர் பெயரிடலையே அது பெரிதும் பின்பற்றுகிறது. பக்க எண்ணிக்கை, சொல் எண்ணிக்கை ஆகியன இரண்டாவதிலும், பயனர் தாமே உருவாக்கிய பண்புகள் மூன்றாவதிலும் இடம்பெறும். லிப்ரெஆபிஸ் பயன்படுத்தும் ஓடிடி கோப்பில் இவையனைத்தும் மெட்டா என்னும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கும்.

படித்தலும் மாற்றுதலும்

வேர்டின் விபிஏ மொழியில் ஆக்டிவ்டாகுமென்ட் என்பது திறந்துள்ள ஆவணத்தைக் குறிக்கும். அதன் பில்ட்இன்டாகுமென்ட்பிராபர்ட்டீஸ் என்னும் தொகுதியில் உள்ளமைந்த பண்புகளும், கஸ்டம்டாகுமென்ட்பிராபர்ட்டீஸ் என்னும் தொகுதியில் பயனர் பண்புகளும் உள்ளன. பெயரையோ எண்ணையோ கொடுத்துப் பண்பை அழைக்கலாம். தலைப்புக்கு 1, பொருளுக்கு 2, ஆசிரியருக்கு 3, திறவுச்சொற்களுக்கு 4. அதன் மதிப்பை மாறியில் இட்டால் படித்தல். அதற்கு மதிப்பு அளித்தால் மாற்றுதல்.

நடைமுறையில் இரண்டு இடங்களில் நிரல் தடுக்கும். அச்சிடப்படாத ஆவணத்தில் இறுதி அச்சு நாளைக் கேட்டால் பிழை எழும். ஆகவே எல்லாப் பண்புகளையும் சுழற்சியில் படிக்கும் நிரலில் பிழையைக் கடந்துசெல்லும் கட்டளை தேவை. மேலும், பண்பை மட்டும் மாற்றினால் ஆவணம் மாறியதாக வேர்டு கருதாமல் போவதுண்டு. அந்நிலையில் சேமிப்புக் கட்டளை பயனற்றுப் போகும். சேவ்டு என்னும் பண்புக்கு ஃபால்ஸ் என மதிப்பளித்த பின்பே சேமிக்க வேண்டும்.

தமிழ் உரை சந்திக்கும் இடர்

விபிஏ தன் சரங்களை உள்ளுக்குள் யூனிகோடாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதன் நிரல் திருத்தி, கணினியின் பழைய குறிப்பக்கத்தைச் சார்ந்தது. விண்டோசில் தமிழுக்கு அத்தகைய குறிப்பக்கமே இல்லை. எனவே நிரலுக்குள் தமிழ்ச் சொல்லை நேரே தட்டச்சிட்டால் அது கேள்விக்குறிகளாக மாறும். அந்தக் கேள்விக்குறிகளே தலைப்பாகப் பதிவாகியும் விடும். ‘தமிழ்’ என்னும் சொல்லை எழுத, சிஎச்ஆர்டபிள்யூ என்னும் சார்பிற்கு 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் எண்களை ஒவ்வொன்றாக அளித்து இணைக்க வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். நீண்ட தலைப்புக்கு இது வீண் உழைப்பு. ஆவணத்தின் முதற்பத்தியில் உள்ள தலைப்பையே எடுத்து, இறுதியிலுள்ள பத்திக்குறியை வெட்டிவிட்டுப் பண்பில் இடுவதே எளிய வழி. செய்திப் பெட்டியும் தமிழைக் கேள்விக்குறிகளாகக் காட்டும்; அதனால் பண்பு சிதைந்தது என முடிவுகட்டலாகாது. படித்த மதிப்பைப் புதிய ஆவணம் ஒன்றில் எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும். லிப்ரெஆபிஸின் பேசிக் திருத்தியில் இவ்விடர் இல்லை. அங்கே திஸ்காம்பொனன்ட் என்பதன் டாகுமென்ட்பிராபர்ட்டீஸ் வழியே தமிழை நேரே எழுதலாம். திறவுச்சொற்களை மட்டும் ஒரே சரமாக அன்றி அணியாகத் தர வேண்டும்.

பண்புக்கு எழுத்துரு கிடையாது என்பதும் கருதத்தக்கது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த தலைப்பு, உரையில் தமிழாகத் தோன்றினாலும் பண்பில் பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகவே நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிய பின்பே நிரலை இயக்க வேண்டும். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது இப்பண்புகளும் உடன்செல்வதால், பழைய கட்டுரைக் கோப்பின்மேல் புதியதை எழுதியவரின் பிடிஎஃப், உலாவியின் தத்தலில் பழைய தலைப்பையே காட்டக்கூடும்.

பெயர் நீக்கம்

ஆசிரியர் பண்பை வெறுமையாக்குவது மட்டும் போதாது. இறுதியாகத் திருத்தியவர் பெயர் ஒவ்வொரு சேமிப்பிலும் மீண்டும் பதிவாகும். கருத்துரைகளிலும் தடம்பற்றிய திருத்தங்களிலும் பெயர்கள் தனியே தங்கியிருக்கும். ரிமூவ்பர்சனல்இன்ஃபர்மேஷன் என்னும் பண்பை ட்ரூ என அமைத்துச் சேமித்தால் இவ்விடங்களிலும் பெயர் நீங்கும். அடிக்குறிப்பில் ‘எனது முந்தைய நூலில்’ எனக் கட்டுரையாளரே எழுதியிருப்பின் அதனை எந்த மேக்ரோவும் நீக்காது.

இவ்வளவு எளிதாக மாற்றத்தக்க பண்புகளைக் கருத்துத்திருட்டு வழக்கில் ஆசிரியருரிமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. பொதியைப் பிரித்து எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தினால் நாள்களையும் மாற்றிவிடலாம். ஆயினும் நீக்கிய விவரம் அக்கோப்பில் மீளாது. ஆகவே மூலத்தைத் தனியே வைத்து, படியின்மேல் மட்டுமே மேக்ரோவை இயக்குதல் வேண்டும். டாக்எக்ஸ் வடிவம் மேக்ரோவை ஏற்காது என்பதால், நிரலை இதழ் அலுவலகக் கணினியின் நார்மல் வார்ப்புருவில் வைப்பது தகும்.