சிலிக்கானும் எட்டு வருஷக் கணக்கும்

ஏத்தர் நிறுவனத்தின் முதல் மின் ஸ்கூட்டர்கள் 2018-இல் பெங்களூரின் வைட்ஃபீல்டு ஆலையிலிருந்துதான் சாலைக்கு வந்தன. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய நிறுவனம் அது. உற்பத்தி 2021-இல் ஓசூருக்கு மாறியது. பேட்டரி பேக் சொந்த வடிவமைப்பு. உள்ளேயிருந்த செல்களோ இறக்குமதி.

ஸ்கூட்டர் வாங்குகிறவர் இரண்டு கேள்வி கேட்பார். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை வாங்கிவைக்கும் மின்வாயான ஆனோடில் சிலிக்கானைச் சேர்த்தால் முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். இரண்டாவதுதான் சிக்கல்.

இன்றைய ஆனோடுகளில் பெரும்பாலும் கிராஃபைட்தான். ஒரு லித்தியத்தைப் பிடித்துவைக்க அதில் ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். நான்கு சிலிக்கான் அணுக்களோ பதினைந்து லித்தியத்தை ஏற்கும். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்ற கிராஃபைட்டின் கொள்ளளவு, சிலிக்கானில் சுமார் 3,600. இவ்வளவு விழுங்கினால் வீங்காமல் இருக்குமா? முழு சார்ஜில் கிராஃபைட் பத்து சதவீதம் பருக்கும்; சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். துகள் வெடிக்கும். வெடித்த புதுப் பரப்பில் எல்லாம் மின்பகுதிரவம் படலமாகப் படியும். அந்தப் படலம் லித்தியத்தையும் தின்றுவிடும். ஒவ்வொரு சார்ஜிலும் இது தொடரும்.

ஸ்டான்ஃபோர்டில் யீ சுயியின் குழு 2008-இல் சிலிக்கானை நானோ கம்பிகளாக்கி வெடிப்பைத் தவிர்த்தது. 150 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் விரிசல் விடுவதில்லை என்பது 2012-இல் தெரியவந்தது. ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு கூடும், படலமும் கூடும். அதனால் வேறு வழி: மாவு பொங்க இடம் விட்டு வைப்பதுபோல, நுண்துளைக் கார்பனுக்குள் வெற்றிடம் விட்டு சிலிக்கானை அடைப்பது. சிலா நிறுவனத்தின் சிலிக்கான் ஆனோடு 2021-இல் வூப் கைப்பட்டையில் வந்தது. 2023-இல் சீனாவில் விற்ற ஹானர் மேஜிக்5 ப்ரோ போனிலும் சிலிக்கான்–கார்பன் பேட்டரி.

போனில் ஜெயித்தது ஸ்கூட்டரிலும் ஜெயிக்கும் என்று அவசரப்பட வேண்டாம். போனை மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகிறோம். ஏத்தர் தரும் நீட்டித்த வாரண்டியோ எட்டு வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர். அதுவரை பேட்டரித் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சிலிக்கான் ஆனோடு சும்மா நிற்கும்போதும் மூப்படையும் என்பதால், எத்தனை முறை சார்ஜ் தாங்கும் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. காலண்டர் கணக்கும் வேண்டும்.

செல்லை வாங்கிக் கோக்கிறவர் சிலிக்கானின் அளவைத் தீர்மானிக்க முடியாது. செல்லையே இங்கு தயாரிக்கும் முயற்சிகளும் உண்டு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி 2018-இல் தன் லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தை ராசி சோலார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா செல் ஆலை கட்டியிருக்கிறது. ஆனோடுக் கலவையைத் தாங்களே முடிவுசெய்ய இப்படிப்பட்ட ஆலைகளுக்குத்தான் வாய்ப்பு.