புள்ளிக்குள் 8 பைட் சேர்க்க முடியுமா?

ஊரப்பாக்கத்தை ஒட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அது ஊரப்பாக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், அங்கே கூட்டம் எப்படி என்று காட்டும் செயலியை ஊரப்பாக்கத்துக்காரர் ஒருவர் ஸ்விஃப்ட் மொழியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

யாரோ எழுதிய லைப்ரரியில் ‘புள்ளி’ என்ற கிளாஸ் இருக்கிறது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டு மட்டும். ஏற்கெனவே உள்ள கிளாஸை வெளியிலிருந்து விரிக்க உதவும் எக்ஸ்டென்ஷன் எழுதி, அதில் ‘தூரம்’ என்ற ப்ராப்பர்ட்டியைச் சேர்க்கிறார், வேலை செய்கிறது. அடுத்து ‘கூட்டம்’ என்று ஓர் எண்ணைச் சேர்க்கப் பார்க்கிறார். சேமிக்கும் ப்ராப்பர்ட்டி எக்ஸ்டென்ஷனில் கூடாது என்று கம்பைலர் மறுத்துவிடுகிறது.

தூரத்தை எங்கும் வைத்திருக்க வேண்டாம். கேட்கும்போதெல்லாம் இரண்டு ரேகைகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். கூட்டத்தை அப்படிக் கணக்கிட முடியாது, நினைவகத்தில் எழுதித்தான் வைக்க வேண்டும். எங்கே எழுதுவது? 64 பிட் கணினியில் ஒரு ‘புள்ளி’ பிடிக்கும் இடம் 32 பைட்: தலைப்பகுதிக்கு 16, ரேகை ஒவ்வொன்றுக்கும் 8. லைப்ரரியை கம்பைல் செய்தபோதே முடிவான அளவு இது. ‘புள்ளி’யிலிருந்து கிளைத்த கிளாஸ்கள் தங்கள் தகவலை அந்த 32-க்கு அடுத்துத்தான் வைக்கின்றன. நடுவில் இன்னொருவர் கூட்டத்துக்காக 8 பைட்டைச் செருகினால் அதுவும் கிளைத்த கிளாஸின் தகவலும் ஒரே இடத்தில் மோதும்.

கோட்லின் மொழியிலும் இதே கட்டுப்பாடுதான். சி ஷார்ப்பில் எக்ஸ்டென்ஷன் மெத்தட் 2007-லேயே வந்தது. எக்ஸ்டென்ஷன் ப்ராப்பர்ட்டி வர 2025 ஆனது. அதிலும் சேமிக்க இடம் கிடையாது. பைத்தானில் பொதுவாக ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தனக்கென ஓர் அகராதியை வைத்திருப்பதால் எதையும் எப்போதும் சேர்க்கலாம். ஆனால் நினைவகம் கூடுதலாகச் செலவாகும். பெயரில் ஓர் எழுத்து பிழையானாலும் சத்தமில்லாமல் புதிய ப்ராப்பர்ட்டி ஒன்று முளைத்துவிடும். எனக்கு கம்பைலரின் கண்டிப்பே பிடித்திருக்கிறது.

குறுக்குவழி உண்டு. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கூட்டம் என்று வெளியே தனி அட்டவணை வைக்கலாம். அந்த அட்டவணை புள்ளிகளை இறுகப் பிடித்துக்கொண்டால், வேலை முடிந்த புள்ளிகளும் நினைவகத்தை விட்டுப் போகாது. அதனால் புள்ளியை இறுகப் பிடிக்காமல் சுட்டும் ‘வீக் ரெஃபரன்ஸ்’ கட்டாயம். இதைவிட, ‘நிலையம்’ என்று சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, புள்ளியையும் கூட்டத்தையும் அதற்குள் வைப்பதே நல்லது. அதன் அளவை முடிவு செய்யும் உரிமை அவருடையது.