தராசு, கம்ப்யூட்டரோடு பேச மறுக்கிறதா? மெஷினை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

தாம்பரம் கடைகளின் எலெக்ட்ரானிக் தராசு, திருமுடிவாக்கம் சிட்கோ பட்டறைகளின் சி.என்.சி மெஷின்... இப்படிப் பல கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசுவது 1960-ல் வந்த ஆர்.எஸ்-232 முறையில்தான். பழைய கம்ப்யூட்டரில் அந்த 9 பின் சீரியல் போர்ட் பழுதாகிவிட்டதா? பல ஆயிரம் செலவழித்து மெஷினை மாற்ற வேண்டாம்; ஒரு யு.எஸ்.பி - சீரியல் அடாப்டர் போதும். கவனிக்க வேண்டியவை மூன்று.

சிப்: உள்ளே இருப்பது எஃப்.டி.டி.ஐ-யா, ப்ரோலிஃபிக்கா, சி.எச்.340-யா என்று கேட்டு வாங்கி, அதற்குரிய டிரைவரைப் போடுங்கள். மலிவு விலைப் போலிகளிடம் உஷார்! 2014-ல் வந்த ஒரு டிரைவர் அப்டேட், போலி எஃப்.டி.டி.ஐ சிப்களை முடக்கியே போட்டது.

போர்ட் எண்: பழைய சாஃப்ட்வேர்கள் சில, காம் 1 முதல் 4 வரைதான் அறியும். அடாப்டரோ காம் 7-ல் போய் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், காலியாக உள்ள சிறிய எண்ணுக்கு மாற்றுங்கள்.

வேகம்: திரையில் எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்துகள் வருகின்றனவா? பெரும்பாலும் பாட் ரேட் பொருந்தவில்லை என்று அர்த்தம். தராசில் 9600 என்றால், கம்ப்யூட்டரிலும் 9600 இருக்க வேண்டும். பாரிட்டி, டேட்டா பிட், ஸ்டாப் பிட்டும் அப்படியே.

கடைசியாக ஒன்று... கடையில் 'டி.டி.எல்' அடாப்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது 5 வோல்ட் வரைக்கும்தான், ஆர்.எஸ்-232 சிக்னல் 15 வோல்ட் வரை போகும். செருகினால் அடாப்டர் புகைந்துவிடலாம்!