தொலைவிலிருந்து தொழில் புரிவோர் உளநலமும் தலைவர் கடனும்

பூண்டுலோயாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நாள்வேலை பெரட்டுக்களத்திலே தொடங்கும். யார் வந்தனர், யார் வந்திலர், எவர் எந்த மலைக்குச் செல்வது என்பன அங்கே தீர்மானமாகும். அது கைகளை எண்ணும் ஏற்பாடேயன்றி உள்ளங்களை அறியும் ஏற்பாடன்று. ஆயினும் ஒருத்தி இரண்டு நாள் வாராதொழியின், பக்கத்து நிரையிற் கொழுந்து பறிப்பவள் மாலையில் அவள் லயத்து வாசலில் நின்று, "என்ன புள்ள, மேலுக்கு முடியலியா?" என்று கேட்டுவிடுவாள்.

அவ்வாறு கேட்பாரில்லாத தொழில்முறையொன்று இக்காலத்தில் மலைநாட்டுக்கும் வந்துளது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கொழும்புக் கந்தோர்களிற் பணிபுரிந்த இளைஞர் பலர் ஊர் மீண்டு, கணினி வழியாகத் தம் வேலையைத் தொடர்ந்தனர். நோய் தணிந்த பின்னரும் அம்முறை முற்றாக ஒழியவில்லை. நம் பழைய மாணவருட் சிலர் அத்தகையோரை மேற்பார்வை செய்யும் நிலையில் உள்ளனர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகின்றேன்.

என் பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். கணக்குப் பிரிவொன்றுக்கு நான் பொறுப்பாயிருந்த காலத்தில் இளைஞர் ஒருவர் பூண்டுலோயாவிலிருந்தபடியே எம்மிடம் வேலை செய்தார். கணக்குகள் குறித்த நேரத்துக்கு முன்னரே வந்து சேரும். குறையேதும் இல்லையென மகிழ்ந்து, ஏறத்தாழ மூன்று மாதம் வேலையல்லாத பேச்சு ஒன்றும் அவருடன் பேசாதிருந்தேன். விலகற் கடிதம் வந்த பின்னரே தொலைபேசியில் அழைத்தேன். இரவில் உறக்கமில்லை என்றும், தம்மை எவரும் தேடாமையால் தாம் இருப்பதே பிறர்க்குத் தெரியுமா என்ற ஐயம் எழுந்தது என்றும் கூறினார். வேலை செவ்வனே நடைபெறுவது உள்ளம் செவ்வனே இருப்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று கண்டேன்.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. சீனதேசத்துச் சாங்காய் நகரிலுள்ள சிட்ரிப் என்னும் பயண நிறுவனம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பரீட்சையைத் தொடங்கிற்று. தொலைபேசிப் பணியாளருள் ஒரு பகுதியினர் ஒன்பது மாதகாலம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். அவர்தம் வேலைப்பயன் 13 சதவீதம் உயர்ந்தது. விலகுவோர் தொகை பாதியளவாகக் குறைந்தது. முதலாளிமார் மகிழத்தக்க முடிவே. ஆயினும் தவணை முடிந்ததும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கந்தோருக்கே திரும்பிவிட்டனர். தனிமையே அவர்கள் கூறிய பெருங்காரணம். ஒத்த திறனுடையோருள் வீட்டிலிருந்தோர்க்குப் பதவியுயர்வு குறைவாகவே கிட்டிற்று என்பதையும் ஆய்வாளர் கண்டனர். மேலதிகாரியின் கண்ணெதிரே நடமாடாமை குற்றமாயிற்றுப் போலும்.

தொலைவு ஒன்றே நோய் என்று கொள்ளற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே பூண்டுலோயாவில் தோட்டத்துரையாயிருந்த எட்வர்ட் ஏணஸ்ட் கிறீன், இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி எழுதிய நூலின் முதற்பகுதி 1896இல் வெளிவந்தது. அவர் இங்கு சேகரித்த பூச்சிகள் இங்கிலாந்து அறிஞரிடஞ் சென்றன. அவர்தம் நூல்களில் இவ்வூர்ப் பெயர் ஏறிற்று. கப்பலிற் செல்லும் கடிதத்துக்கு மறுமொழி வர வாரக்கணக்காகும் காலம் அது. எனினும் மறுமுனையில் ஆவலுடன் பார்ப்பார் இருந்தனர். துரை பங்களாவும் லயமும் ஒன்றல்ல என்பதையும் உடனே சொல்லவேண்டும்.

லயத்துச் சிற்றறையில் ஐவர் அறுவர் வாழுமிடத்தே, ஒரு மூலையிற் கணினியை வைத்து வேலை செய்வோரும் உளர். அவரிடம் கூட்டந்தோறும் காணொளியில் முகங்காட்டும்படி வற்புறுத்துவது கொடுமை. பின்னால் தொங்கும் துணிகளையும் தகரக் கூரையையும் சக உத்தியோகத்தர் காண்பரே என்ற கூச்சம் அவரைப் பேசவிடாது. குரல் மாத்திரம் போதும் என்று தலைவர் தாமே முன்வந்து சொல்லட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்தடையால் நேரும் தாமதம் அவர் கணக்கில் எழுதப்படாது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. சொல்லாதவிடத்து அச்சமே குடிகொள்ளும்.

வாரம் ஒரு முறையாவது, வேலையைப் பற்றியதல்லாத பேச்சுக்கென நேரம் ஒதுக்குதல் வேண்டும். "எப்படி இருக்கிறீர்?" என்ற கேள்விக்கு "சுகம்" என்ற விடையே வரும். நித்திரை எப்படி, கடைசியாக நண்பருடன் வெளியே சென்றது எப்போது என்று கேட்டால் உண்மை மெல்ல வெளிப்படும். வழக்கமாகப் பேசுபவர் மௌனமாதலும், நள்ளிரவிற் கடிதங்கள் வரத் தொடங்குவதும் கவனிக்கத்தக்கவை. தலைவர் வைத்தியராக முயலவேண்டா. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் தமிழிலும் உதவுகின்றது. அதனை எல்லோருக்கும் பொதுவில் அறிவித்து வைத்தால், ஒருவரைத் தனித்துச் சுட்டியதாகாது. கேட்டறிந்தது பதவியுயர்வுக் கோவையிற் புகாதிருத்தலும் அவசியம். ஒருமுறை புகுந்தால் பின்னர் எவரும் வாய் திறவார்.

இலண்டன் நேரத்துக்கு வேலை செய்யும் கந்தோர்களில் மாலை ஐந்து மணி என்பது இங்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. அதன்பின் அழைப்பதைத் தலைவர் தம் அளவிலேனும் நிறுத்தவேண்டும். போர்த்துக்கல் நாட்டில் 2022 தொடக்கம் நடைமுறையிலுள்ள சட்டம், அவசரமல்லாதவிடத்து ஓய்வுநேரத்தில் பணியாளரைத் தொடர்புகொள்ளலாகாது என்கின்றது. மேலும், தொலைவிலுள்ளோர் தம் மேலாளரையும் தோழரையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் நேரிற் சந்திக்க வழிசெய்தல் முதலாளியின் கடன் என்றும் விதிக்கின்றது. நம் நாட்டில் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பூண்டுலோயாவிலிருந்து கொழும்புக்கு ஒரே நாளிற் போய் மீள்வது வருத்தமான பயணமாதலால், பேருந்துக் கட்டணத்துடன் ஓரிரவு தங்கும் செலவையும் கந்தோரே ஏற்கவேண்டும். அதனினும் மேலானது, ஒரு முறையாவது மேலாளர் தாமே தலவாக்கலை வழியாக அங்கு ஏறிச் செல்வது.